அளக்க அளக்க மாறும் பொருள்

சைக்கிள் பந்தயத்துக்கு நான்கு பேர் ஓட்டும் பெண்கள் அணியில் மூன்று இடம் நிரம்பிவிட்டது. மிச்சமிருந்த ஓர் இடத்துக்கு இரண்டு பேர் இருந்தோம்: நானும் அக்காவும்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. ஓசூரில் நாங்கள் வேலை பார்க்கும் உதிரிபாகத் தொழிற்சாலையில் அவர் அசெம்பிளி லைனின் டீம் லீடர். நான் அதே கட்டடத்தின் இன்னொரு மூலையில், கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அடிக்கிற அளவீட்டு அறையில் இன்ஜினியர். அக்கா என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். வேப்பனப்பள்ளிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும், தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்து, டிப்ளமோ முடித்து, இப்போது கணவரோடும் பள்ளிக்குப் போகும் மகளோடும் மூக்கண்டப்பள்ளியில் குடியிருக்கிறார். எங்கள் இருவரையும் சேர்த்து வைத்தது சைக்கிள்தான். ஞாயிறு விடியற்காலையில் கிளப்போடு கிளம்பி, கிருஷ்ணகிரி வரை போய், இட்லி தின்றுவிட்டு, எதிர்க்காற்றைத் திட்டிக்கொண்டே திரும்பும் கூட்டத்தில் பெண்கள் மிகக் குறைவு.

அந்தப் பந்தயம் சமதளத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடக்கூடியது. நான்கு பேரும் ஒருவர் பின் ஒருவராக ஒட்டிக்கொண்டு ஓட்ட வேண்டும். முன்னால் இருப்பவர் காற்றைக் கிழிப்பார். மற்றவர்கள் அவர் முதுகில் ஒளிந்துகொள்வார்கள். பிறகு முறை மாறும். எனக்கு இந்த வருடம் கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் இருக்கிறது. அக்காவுக்கு அடுத்த வருடம் இல்லை. அவருடைய லைன் முழுவதையும் வேறு மாநிலத்து யூனிட்டுக்கு மாற்றுகிறார்கள், அவரும் போகிறார். அதைக் கேள்விப்பட்ட அன்று என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும்.

“விட்டுக் குடுக்கற யோசனையெல்லாம் வச்சிக்காத,” என்றார். “குடுத்தேன்னு தெரிஞ்சிது, உன் டயருல வேலமுள்ள சொருகிருவேன்.”

எங்கள் கோச் கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். பெரும்பாலும் போனில்தான் வருவார். கன்னடம் கலந்த தமிழ். “ரெண்டு பேருக்கும் ஒரே டெஸ்ட். எந்த டெஸ்ட்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. எனக்கு நம்பர் வந்தா போதும். ஜாஸ்தி இருக்கறவங்க டீம்ல. ஆய்த்தா?” என்றார். ஆயிற்று என்றோம். எது என்பதுதான் தெரியவில்லை.

அவர் கேட்ட எண்ணுக்கு எஃப்.டி.பி. என்று பெயர். ஒருவர் சுமார் ஒரு மணி நேரம் தாங்கிப் பிடிக்கக்கூடிய அதிகபட்ச உழைப்பு. பல்புக்குச் சொல்வதுபோல வாட்டில் சொல்வார்கள். அதற்குக் கீழே ஓட்டினால் நீண்ட நேரம் ஓட்டலாம். கொஞ்சம் மேலே போனாலும் தொடையில் தீ பிடிக்கும், மூச்சு தன் தாளத்தை விட்டுவிடும், சில நிமிடங்களில் நின்றே தீர வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு. அது எங்கே என்று தெரிந்தால்தான் எந்த நாள் எவ்வளவு கடினமாக ஓட்டுவது என்று பயிற்சியை வகுக்க முடியும். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. என் கல்லீரல் எந்தப் பக்கம் என்றுகூட யோசித்துத்தான் சொல்வேன். அப்படிப்பட்ட எனக்குள், நான் பிறந்ததிலிருந்தே என்னோடு நகர்ந்துகொண்டு ஒரு கோடு இருக்கிறது, அதை எண்ணாக எழுதலாம் என்றால் சும்மாவா?

அளக்க வழிகள் பல. முதலாவது படிச் சோதனை. நிமிடத்துக்கு நிமிடம் சுமை ஏறிக்கொண்டே போகும். கால் நிற்கும்போது சோதனை முடிந்தது, கடைசியாக எட்டிய அளவிலிருந்து ஒரு பங்கைக் கழித்துக் கோட்டைக் கணிப்பார்கள். இரண்டாவது, இருபது நிமிடம் முடிந்த மட்டும் ஓட்டி, சராசரியில் கொஞ்சம் கழிப்பது. மூன்றாவதில் கணிப்பே இல்லை. ஒரு மணி நேரம் ஓட்டு, வந்ததுதான் எண். அதை யாரும் விரும்பிச் செய்வதில்லை.

ரோட்டில் செய்யலாம் என்று முதலில் பார்த்தோம். எங்கள் ஊரில் நிற்காமல் ஓட்ட ஒரு ரோடு கண்டுபிடிப்பதே தனிச் சோதனை. ஜூஜுவாடிப் பக்கம் போனால் லாரிகள் சர்வீஸ் ரோட்டிலேயே படுத்திருக்கும். சிப்காட் சாலையில் ஷிப்ட் பஸ்கள். வேப்பனப்பள்ளி ரோட்டில் சீசன் நேரத்தில் மாங்காய் டிராக்டரை முந்துவதற்குள் இருபது நிமிடம் முடிந்துவிடும். கடைசியில் கிளப்புக்காரர்கள் சைக்கிள் வாங்கும் கடையின் மாடிக்கு வந்து சேர்ந்தோம். அங்கே ஒரு டிரெய்னர் இருந்தது. சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு அதில் மாட்டினால், நின்ற இடத்திலேயே மிதிக்கலாம். எத்தனை வாட் என்று திரை காட்டும். கடைக்காரர் வீட்டில் தெலுங்கு பேசுபவர். எங்களைப் பார்த்ததும், “வாங்க மேடம், ரோடே போடாம ஊருக்குப் போற பஸ்சு ரெடி,” என்பார்.

எந்தச் சோதனை நல்லது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழி தெரியும் என்று அக்காவிடம் மிக உற்சாகமாகச் சொன்னேன். எங்கள் அறையில் ஒரு புதுக் கருவி வந்தால் அதை அப்படியே நம்ப மாட்டோம். ஒரே பாகத்தை, ஒரே ஆள், அதே கருவியால் திரும்பத் திரும்ப அளப்போம். எண்கள் ஒன்றுக்கொன்று நெருங்கி வந்தால் கருவியை ஏற்றுக்கொள்வோம். சிதறினால் திருப்பி அனுப்புவோம். கேஜ் ஸ்டடி என்று சொல்வது. அதையே இங்கே செய்வோம். படிச் சோதனையை மூன்று முறை, இருபது நிமிடத்தை மூன்று முறை, இருவரும். எது சிதறாமல் வருகிறதோ அதுதான் நம் சோதனை.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஆறு வாட்டியா?”

“ஆறே வாட்டிதான்.”

“வேலைய முடிச்சிட்டு வந்து, இங்க ஏறி சாவறதுக்கு ஒரு ஷிப்ட் போட்டிருக்க.”

ஆனாலும் வந்தார். ஷிப்ட் முடிந்து யூனிஃபார்ம் மாற்றிக்கொண்டு, மகளை டியூஷனில் விட்டுவிட்டு மாடியேறி வருவார். ஒருநாள் விட்டு ஒருநாள், சில சமயம் அடுத்தடுத்த நாளே ஏறினோம். படிச் சோதனையில் என் எண் அவரைவிட நன்றாக மேலே இருந்தது. சுமை ஏற ஏற எனக்குக் குஷி பிறக்கும்; கடைசிப் படிகளில் பல்லைக் கடித்துக்கொண்டு எகிறிவிடுவேன். அக்கா அந்தப் படிகளுக்கு முன்பே, பஸ் ஸ்டாப்பில் இறங்குகிறவர் மாதிரி நிதானமாகக் காலை எடுத்துவிடுவார்.

முதல் முறை வந்த எண்ணைவிட இரண்டாவது முறை வந்தது குறைவு. மூன்றாவது அதைவிடக் குறைவு. அக்காவுக்கும் அப்படித்தான். இருபது நிமிடச் சோதனையோ இன்னும் மோசம். கடைசி முறை பாதியிலேயே என் கால்கள் ஈரமணலில் இறங்கியதுபோல ஆகிவிட்டன.

நான் யாரைச் சந்தேகித்தேன் என்றால், டிரெய்னரை. அளப்பவர்களின் புத்தி அப்படித்தான் ஓடும். எண்கள் ஒரே திசையில் நகர்ந்துகொண்டே போனால் கருவியில் ஏதோ தேய்கிறது என்று அர்த்தம். மூடியைக் கழற்றி உள்ளே பெல்ட்டைப் பார்த்தேன். பூஜ்யம் சரிபார்த்தேன். ஃபேனை இடம் மாற்றினேன். மாடியில் வெப்பம் எவ்வளவு என்று ஆபீசிலிருந்து தெர்மாமீட்டர் கொண்டுவந்து வைத்தேன்.

“மேடம்,” என்றார் கடைக்காரர், “அத கழட்டறது ஈசி. மாட்டறதும் நீங்கதான்.”

அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடியபடியே சொன்னார்: “வுடுங்கண்ணா. அவளுக்கு மனுசங்க மேல சந்தேகமே வராது, மிசினு மேலதான் வரும்.”

அந்த வாரம்தான் ரப்பர் புஷ் ஒன்று, அதிர்வைத் தாங்க வைக்கும் வளையம், அளக்க வந்தது. இரும்புதான் எங்களுக்குப் பழக்கம். ரப்பர் எப்போதாவது வரும். கருவியின் முனையை அதன்மேல் வைத்தேன். ஒரு எண் வந்தது. திரும்ப வைத்தேன். வேறு எண். இன்னொரு தடவை வைத்தபோது இன்னொன்று, எல்லாம் ஒரே திசையில். முனை தொடும்போதே ரப்பர் அமுங்குகிறது. அது மீண்டு வருவதற்குள் நான் அடுத்த முறை தொட்டுவிடுகிறேன். நான் அளந்துகொண்டிருந்தது புஷ்ஷை இல்லை, என் முந்தைய தொடலை.

அந்தக் குளிர் அறையில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஷாஃப்ட் என்கிற இரும்புத் தண்டை நூறு முறை அளந்தாலும் ஷாஃப்டுக்குத் தெரியாது. எங்களைத்தான் நான் இரண்டு வாரமாகக் கருவிக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தேன். டீ இடைவேளையில் அசெம்பிளிக்கு ஓடினேன்.

“அக்கா, மெஷின்ல தப்பில்ல. நாமதான் தேஞ்சிட்டோம்.”

“இத சொல்றதுக்கா ஓடியாந்த? அத காலையில படி எறங்கங்காட்டியே என் முட்டி சொல்லிருச்சே.”

கோச்சிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் சிரித்தார். “பத்து நாள் சும்மா இருங்கம்மா. ஹகுரா மெதி, நல்லா தூங்கு, சாப்பிடு. அப்புறமா ஒரே ஒரு டெஸ்ட். ஒண்ணே ஒண்ணு.” லேசாக மிதி என்கிறார்.

சும்மா இருப்பதுபோலக் கஷ்டம் எனக்கு வேறில்லை. பத்தில் பாதி நாளிலேயே மனம் மாடிப்படியில் நின்றது. ஒரு மாலை தாங்க முடியாமல், சோதனை என்று இல்லாமல், வெறுமனே டிரெய்னரில் ஏறி மிதித்துப் பார்த்தேன். எந்தச் சுமையில் போன வாரம் கால் மண்ணில் புதைந்ததோ, அதே சுமையில் இப்போது மூச்சு மூக்கு வழியாகவே போய் வந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். முதல் நாள், புத்துணர்ச்சியோடு இருந்தபோது திணறிய இடம் அது. அதையும் தாண்டி நின்றது உடம்பு.

இறங்கி, வியர்வை சொட்டச் சொட்டப் படியில் உட்கார்ந்துவிட்டேன். ரப்பர் மீண்டு வரும், தெரியும். பழைய அளவுக்கு வரும். அமுக்கியதற்குப் பதிலாக முன்பைவிடக் கெட்டியாகித் திரும்பி வரும் பொருள் எதுவும் எங்கள் ஆய்வகத்துக்கு இதுவரை வந்ததில்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமல், நான் தூங்கும்போது, சாம்பார் சாதம் சாப்பிடும்போது, கம்பெனி பஸ்ஸில் போனைப் பார்த்துக்கொண்டு போகும்போதெல்லாம் அது தன்னைத்தானே மாற்றிக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறது. என் உடம்புதான். ஆனால் அன்றைக்கு ஒரு பெரிய மனுஷியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல மரியாதையாக உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஒரே ஒரு சோதனை எது? கேன்டீனில் தயிர்சாதத்துக்கு முன்னால் வாக்குவாதம்.

“படி டெஸ்ட்டே வச்சிக்கலாம்,” என்றார் அக்கா. “சீக்கிரம் முடிஞ்சிரும். ஞாயித்துக்கெழம எனக்கு வூட்டு வேல கெடக்குது.”

“கூடாதுக்கா. படி டெஸ்ட் எங்க ஒடையறோம்னு பாக்குது. இழுவிசை டெஸ்ட் மாதிரி. கம்பிய அறுந்து போற வரைக்கும் இழுக்கறோம். அறுந்த எடத்த வச்சி, அந்தக் கம்பி தெனமும் எவ்ளோ தாங்கும்னு குத்துமதிப்பா சொல்றோம். நம்ம ரேஸ்ல யாரும் அறுக்கப் போறதில்ல. ஒரு மணி நேரம் தாங்கணும். அப்ப தாங்கறதத்தான் அளக்கணும். ஒரு மணி நேர டெஸ்ட்தான் சரி.”

பேச்சு வேகத்தில் மேசையைத் தட்டினேன். அக்கா அப்பளத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

“ஏன்டி, படி டெஸ்ட்ல நீதான ஜாஸ்தி?”

“ஆமா.”

“ஒரு மணி நேரம்னா உனக்கு ஆவாதே. நீ தாளிக்கற கடுகு மாதிரி. படபடன்னு பொரிஞ்சி அடங்கிருவ.”

அப்போதுதான் எனக்கே உறைத்தது. எனக்குச் சாதகமானதை அவர் கேட்கிறார், அவருக்குச் சாதகமானதை நான் கேட்கிறேன். விட்டுக் கொடுக்கிறேன் என்று நினைத்துவிடுவாரோ என்று தோன்றியது. ஆனால் சொன்னதைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை. சொன்னது சரி. “கடுகும் ஒரு மணி நேரம் ஓட்டும், பாருங்க,” என்றேன்.

“பாக்கறேன், பாக்கறேன். வுட்டுக் குடுத்தா முள்ளு ஞாபகம் இருக்கட்டும்.”

அந்த ஞாயிறு காலை நான் முதலில் ஏறினேன். முதல் பத்து நிமிடம் கல்யாண வீட்டுப் பந்திக்கு ஓடுகிற மாதிரி ஓடினேன். அது தப்பு என்று தெரிந்ததும் குறைத்தேன். குறைத்தது அதிகம் என்று தோன்றியதும் ஏற்றினேன். பாதிக்கு மேல் அந்தக் கோட்டைக் கண்டுகொண்டேன். திரையில் இல்லை, எனக்குள்ளேயே. ஒரு துளி அதிகம் அழுத்தினால் மூச்சு சிதறும்; ஒரு துளி குறைத்தால் சேர்ந்துகொள்ளும். இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பதுபோல அதைத் தொட்டுத் தொட்டுப் போனேன். கடைசியில் என் பழைய எகிறல் வந்து கைகொடுத்தது. முடிந்ததும் தரையில் படுத்துவிட்டேன். கடைக்காரர் வாட்டர் பாட்டிலை என் நெற்றிமேல் வைத்துவிட்டுப் போனார்.

“நம்பர சொல்லாத,” என்றார் அக்கா. “ஏத்தவும் சொல்லாத, எறக்கவும் சொல்லாத. வாயே தொறக்காத.” திரையில் இருந்த சராசரியை எடுத்துவிட்டு, அது என் போனில் மட்டும் தெரியும்படி வைக்கச் சொன்னார். அவருக்கு அந்தந்த நொடியின் எண் மட்டும் தெரிந்தால் போதும்.

ஏறினார். ஒரு அளவுக்கு வந்தார். அங்கேயே நின்றார்.

அதை எப்படிச் சொல்வது? ஒரு நாளைக்கு எத்தனையோ வரைபடம் பார்க்கிறவள் நான். கிரைண்டிங் முடித்த ஷாஃப்டின்மேல் ஊசி நகரும்போது, காகிதத்தில் ஒரு கோடு வரும். நல்ல ஷாஃப்டாக இருந்தால் கோடு அமைதியாக இருக்கும். அக்காவின் கோடு அப்படி வந்துகொண்டிருந்தது. கால் மணி நேரம், அரை மணி நேரம், மின்விசிறி ஒரு பக்கம் திரும்பி மறுபக்கம் வந்தது, கீழே யாரோ பஞ்சருக்கு வந்து பேரம் பேசிவிட்டுப் போனார்கள், கோடு அசையவில்லை. முகம்தான் மாறிக்கொண்டே வந்தது. உதடு வெளுத்தது. முழங்கையிலிருந்து வியர்வை நூல் பிடித்த மாதிரி இறங்கியது. முக்கால் மணிக்குமேல் அவர் தெலுங்கில் எண்ண ஆரம்பித்தார். ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு. மிதிக்கு ஒன்று. வீட்டில் கஷ்டம் வந்தால் அவர் அந்த மொழிக்குப் போய்விடுவார் என்று தெரியும். கஷ்டத்தை அவர் எண்ணிக் கடப்பதை இப்போதுதான் பார்த்தேன்.

முதல் சில நிமிடங்கள் மெதுவாகத் தொடங்கியதால் தாழ்ந்திருந்த சராசரி என் எண்ணை நோக்கி ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. இன்னும் ஐந்து குறைவு. நான்கு. மூன்று. அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ‘இன்னும் கொஞ்சம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் எழுந்து நின்று மிதித்து எடுத்துவிடுவார். வாயே திறக்காதே என்று சொல்லியிருக்கிறார். அவர் வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன், வரக் கூடாது என்றும் ஆசைப்பட்டேன். இரண்டும் சேர்ந்து ஒரே நெஞ்சில் அடித்தன.

நேரம் முடிந்தது. இரண்டு வாட் குறைவு.

“எவ்ளோ?” என்றார், ஹேண்டில்பாரில் தலை வைத்தபடி.

சொன்னேன். இரண்டு எண்ணையும். “சரி. கோச்சுக்கு அனுப்பு,” என்றார் அக்கா.

போனை எடுத்தேன். எண்களை அடித்தேன். அனுப்பவில்லை. இரண்டு வாட். அந்த டிரெய்னரை மூடி வரைக்கும் கழற்றிப் பார்த்தவள் நான். காலையில் ஒரு மாதிரி, சூடான பிறகு ஒரு மாதிரி, அது தானாகவே இரண்டு வாட்டுக்குமேல் ஆடும். ஆபீசில் இப்படி இரண்டு பாகம் வந்தால், கருவியின் ஆட்டத்தைவிட வித்தியாசம் சிறியது, எது பெரிது என்று சொல்ல முடியாது என்று எழுதித்தான் கையெழுத்துப் போடுவேன். கோச்சை அழைத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

“நம்பர் ரெடியா?”

“ரெடி சார். ரெண்டு வாட் வித்தியாசம். ஆனா அந்த வித்தியாசம் இருக்குன்னு என்னால கையெழுத்துப் போட முடியாது.”

அக்கா தலையை நிமிர்த்தினார். “என்னடி பண்ற? உன்னுது பெருசுன்னு ஸ்கிரீன்ல எழுதியிருக்குது.”

“இது விட்டுக் குடுக்கறது இல்லக்கா. ஒரு ஷாஃப்ட் இப்படி வந்தா என்ன பண்ணுவேனோ அதத்தான் பண்றேன்.”

“நான் ஷாஃப்டா?”

“ரெண்டு பேரும்தான்.”

போனில் கோச் யோசிப்பது கேட்டது. “சரி. ரெண்டு கிராஃபும் அனுப்பும்மா. பேரு போடாதே. நம்பரும் வேண்டா.”

எண் தெரியாமல் வெட்டி, முதலாவது, இரண்டாவது என்று மட்டும் குறித்து அனுப்பினேன். முதலாவது என்னுடையது. கடைக்காரர் டீ வாங்கி வந்தார். யாரும் குடிக்கவில்லை. என் கோட்டை நானே இன்னொரு முறை பார்த்தேன். எகிறி, விழுந்து, தேடி, கண்டுபிடித்து, கடைசியில் மீண்டும் எகிறி. எனக்கு அது பிடித்திருந்தது. அதன் பின்னால் மூன்று பேர் ஒட்டி ஓட்டினால் என்ன ஆவார்கள் என்றும் தெரிந்தது.

குரல் செய்தி வந்தது. “ரெண்டாவது. இந்த வீல் பின்னாடி யாரு வேணும்னாலும் கண்ண மூடிட்டு ஓட்டலாம். மொதலாவது யாரு? அவங்களுக்கும் அடுத்த வாரத்துலயிருந்து பிளான் போடறேன். அந்தக் கடைசி எகிறல் நல்லாருக்கு, ஆனா அத எங்க வைக்கணும்னு கத்துக்கணும்.”

வலித்தது. மறைக்க ஒன்றுமில்லை, நன்றாகவே வலித்தது. அக்கா என்னைப் பார்க்காமல் கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன்.

தன் கோட்டைத் திரை முழுவதும் வரும்படி வைத்துப் பார்த்தார். ஒரு மணி நேரம் தான் எப்படி இருந்தோம் என்பதை அவர் இதற்கு முன் பார்த்ததில்லை. துப்பட்டாவால் விரலைத் துடைத்துக்கொண்டு, இரண்டு விரலால் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். நேராக இருந்த கோடு பிரிந்து, பல் பல்லாக, மேடும் பள்ளமுமாக விரிந்தது.

“ஆடுதேடி,” என்றார். “உள்ள போயி பாத்தா ஆடுது.”

“எல்லாமே உள்ள போய்ப் பாத்தா ஆடும்க்கா. கண்ணாடி மாதிரி பாலிஷ் பண்ணதுகூட ஆடும்.”

அவர் அந்தச் சின்னச் சின்னப் பற்களை விரலால் நகர்த்திக்கொண்டே போனார். ஒவ்வொன்றும் கீழே இறங்கப் பார்த்து, இறங்காமல் ஏறியிருந்தது.

“அப்ப ஒவ்வொரு வாட்டியும் நாந்தான் புடிச்சி நிறுத்தியிருக்கறேன்,” என்று மெதுவாகச் சொன்னார். எனக்குச் சொன்ன மாதிரி இல்லை.